பின்சீட்டுக்கு ஓசி கிடையாது

அத்தியாயம் பதினான்கு

தரை ஓடு கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள் என்ற செய்தியைப் போன வியாழக்கிழமை மிர்னா கொண்டுவந்தபோது, சவொரானி வீட்டில் யாரும் அழவில்லை. லெயார்கோ தொண்டையைச் செருமிக்கொண்டு பட்டறைப் பக்கம் போய்விட்டார். இரிதே அடுப்பில் இருந்த இறைச்சிக் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அது வெந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

பதினோரு வருடமாகக் காசு கொடுத்துக் காரின் மூக்கில் ஒட்டியிருந்த பெயர் அது. இந்த வருடம் பந்தயம் ஓட்டுகிற போலந்துப் பையன் கொண்டுவந்த பணம் ஜூலையிலேயே எஞ்சினுக்குள் போய்விட்டது. ஓடுக்காரர்களும் போனால் மீதி இருக்கிற இரண்டு பந்தயத்துக்கு டயர் வாங்க வழியில்லை. ஃபாயென்ஸா ஊருக்கு வெளியே ஒரு பட்டறை, ஒரு பந்தயக் கார், சம்பளத்துக்கு வில்மெர் என்ற ஒரே மெக்கானிக். மீதியெல்லாம் அப்பா லெயார்கோ, அம்மா இரிதே, மகள் மிர்னா. இவ்வளவுதான் சவொரானி டீம். பெரிய டீம்களில் காப்பி போட வைத்திருக்கும் ஆட்கள்கூட இதைவிட அதிகம்.

ஆனால் டீமிடம் நீளக்காரி இருந்தாள்.

நீளக்காரி என்று அவர்கள் கூப்பிடும் காரை லெயார்கோ தொண்ணூற்றைந்தில் தன் கையாலேயே கட்டினார், ஓட்டுவதும் அவரே. பழைய பந்தயக் கார் ஒன்றின் எஞ்சின், கியர், சக்கரம் எல்லாம் அப்படியே. ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஆள் காலை அகட்டி உட்கார மட்டும் ஒரு குழி. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏறலாம். மூன்று சுற்று. இறங்கும்போது முகம் வெளுத்திருக்கும், அடுத்த நிமிடமே போட்டோவுக்குப் பல்லைக் காட்டுவார்கள். பதினான்கு வருடமாக அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது இந்தக் குழிதான்.

அதை நம்பித்தான் மிர்னா இந்த ஞாயிற்றுக்கிழமையை ஏற்பாடு செய்திருந்தாள். மலையடிவாரத்து சர்க்யூட்டை அரை நாள் வாடகைக்கு எடுத்து, பதினெட்டுப் பேரைப் பிடித்திருந்தாள். அதில் பதினேழு பேர் வெறும் பயணிகள். பதினெட்டாவது ஆள் கொரின்னா தஸ்ஸினாரி.

மொதேனாவில் பரிசுப் பெட்டி விற்கிற கம்பெனி அவளுடையது. பிறந்த நாளுக்கு யாராவது அந்தப் பெட்டியைக் கொடுத்தால், உள்ளே பலூன் சவாரிக்கோ வெந்நீர்க் குளியலுக்கோ ஒரு சீட்டு இருக்கும். அடுத்த வருடம் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை எல்லாச் சனிக்கிழமையும் நீளக்காரியை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தாள். ஒரே நிபந்தனை, தானே ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு இடம். அவள் கையெழுத்துப் போட்டால் டீம் பிழைக்கும். போடாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. மிர்னா காலையிலிருந்து அந்த ஒப்பந்தக் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டேதான் திரிந்தாள்.

இரிதேவுக்கு வழக்கமான இடம், கூடாரத்துக்குள் அடுப்பு. இரும்புக் கல்லில் பியாதீனா ரொட்டியைப் போட்டு எடுத்து, நடுவில் பாலாடைக்கட்டியோ வறுத்த இறைச்சியோ வைத்து மடித்து, இறங்கி வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பாள். வயிறு நிறைந்தவன் பக்கத்து வீட்டுக்காரனிடம் நல்லபடியாகச் சொல்வான், அவனும் வருவான் என்பது அவள் கணக்கு. அது தப்பியதே இல்லை.

பத்தரை மணிக்கு இறங்கி வந்தவர் ஃபோர்லியில் பல் டாக்டர். குண்டு மனிதர், கன்னமெல்லாம் சிவந்து ரொட்டியை வாங்கிக்கொண்டார். வாய் நிறைய வைத்துக்கொண்டே பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் இரும்பு மனுஷன், சிஞ்ஞோரா. நாலு தடவை அமுக்கினேன். அசையலியே. நல்லவேளை, நிறுத்தல. நிறுத்தியிருந்தா இவ்வளவு பெரிய சந்தோஷம் எனக்குக் கிடைச்சிருக்குமா?"

இரிதே சிரித்துவிட்டு அவருக்கு இன்னொரு துண்டு இறைச்சி வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

நாலு தடவையா?

நீளக்காரியின் பின்சீட்டில் வலது கைப்பிடியில் ஒரு பொத்தான் உண்டு. எஞ்சின் போடுகிற சத்தத்தில் கத்தினால் யாருக்கும் கேட்காது. முடியவில்லை, நிறுத்து என்று சொல்ல அந்தப் பொத்தான்தான் வாய். அமுக்கினால் ஓட்டுகிறவரின் இடது முழங்கைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். முதல் வளைவில் எல்லாரும் பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க, தானாகவே பொத்தான் அமுங்கிவிடும். அதனால் டீமில் ஒரு வழக்கம். முதல் தடவை எரிந்தால் அது பயம், கண்டுகொள்ள வேண்டாம். இரண்டாவது தடவை எரிந்தால் அது சொல். உடனே வேகத்தைக் குறைத்து ஓரங்கட்ட வேண்டும். லெயார்கோ பதினான்கு வருடத்தில் ஒருநாள்கூட இதை மீறியதில்லை. ஒரு தடவை ஒரு வக்கீல் மூன்றாவது சுற்றின் கடைசி வளைவில் இரண்டாவது தடவை அமுக்கியதற்கே நிறுத்திவிட்டார்; பாவம் அந்த வக்கீல், மீதி நூறு மீட்டரை நடந்தே வந்தார்.

பல்பு போய்விட்டிருக்கும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். வில்மெரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அவன் காருக்குள் தலையை விட்டுப் பொத்தானை அமுக்கினான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. காலையிலேயே தான் சோதித்துவிட்டதாகவும், தன் வேலையில் சந்தேகம் வந்துவிட்டதா என்றும் கேட்டு அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டான். அவனைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு அவள் அடுப்படிக்கு வந்தாள். கல்லில் ரொட்டி கருகிக் கிடந்தது.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்தது.

வசந்த காலத்திலிருந்து லெயார்கோ வீட்டில் விளையாட்டுப் பத்திரிகையைத் தானே படிப்பதில்லை. நீ படிச்சுச் சொல்லு, உன் குரல்ல கேட்டா நல்லா இருக்கு என்றார். முப்பத்தேழு வருடக் குடித்தனத்தில் அப்படியொரு வார்த்தை வந்ததே இல்லையா, இரிதே உருகிப்போய்விட்டாள். அந்த வாரம் போய்த் தலைக்குச் சாயம்கூடப் போட்டுக்கொண்டு வந்தாள். அப்புறம், ஒயின் ஊற்றும்போது கோப்பைக்கு வெளியே ஊற்றி மேஜைத்துணியைப் பாழாக்கியது. இடது தோளில் கதவு நிலை இடித்துக் கன்னிப்போன அடையாளங்கள். வயதாகிறது, கவனம் இல்லை என்று அவள் திட்டியிருந்தாள். மனுஷனுக்குக் கண் தெரியவில்லை.

விளக்கு தெரியாவிட்டால், தடத்தின் இடது பக்கம் நின்று ஆட்டுகிற எச்சரிக்கைக் கொடியும் தெரியாது.

நேராகப் போய்க் கேட்டுவிடலாம். கேட்டு என்ன பிரயோஜனம்? நூற்றிரண்டு காய்ச்சலில் பந்தயம் ஓட்டிவிட்டு, வெயில்ல லேசா வேர்க்குது என்று சொன்ன ஆள் அவர். கேட்டால் கழுகுக் கண்ணு எனக்கு என்பார். மிர்னாவிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். மிர்னா வாசலில் நின்று கார்கள் வருகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள், தஸ்ஸினாரிக்காக. பெண்ணுக்கு முப்பத்தொரு வயது. இந்த டீமுக்காகத் தான் பந்தயம் ஓட்டுவதையே விட்டவள். பணம் ஒரு ஆளுக்குத்தான் போதும் என்றபோது, அந்த ஒரு ஆள் காசு கொண்டுவருகிற அந்நியனாக இருக்கட்டும் என்று அவளே ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இரிதேவுக்கு வாய் வரவில்லை. முதலில் நிச்சயமாகத் தெரியட்டும். ஒருவேளை பல் டாக்டர் பயத்தில் வெறும் கைப்பிடியை அமுக்கியிருக்கலாமே.

பதினொன்றே முக்காலுக்கு ஏற வேண்டியவன் கல்யாண மாப்பிள்ளை ஒருவன். நண்பர்கள் சேர்ந்து சவாரியைப் பரிசளித்திருந்தார்கள். அதற்கு முந்தின ராத்திரி முழுக்க குடியையும் பரிசளித்திருந்தார்கள். கூடாரத்துக்கு மூன்று அடி தூரத்திலேயே வாடை வந்தது. மிர்னா ஊதச் சொல்லக்கூட இல்லை, ஒரு முகர்தலில் திருப்பி அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளை நிம்மதியாகப் போய்ப் புல்லில் படுத்துக்கொண்டான்.

ஆக, ஓர் இடம் காலி.

இரிதே மாவுக்கையைத் துடைத்தாள். தன் கைப்பையிலிருந்து முந்நூற்றைம்பது யூரோ எடுத்துக் கல்லாப் பெட்டியில் போட்டாள். ரசீதுப் புத்தகத்தில் இரிதே சவொரானி என்று எழுதிக் கிழித்து மிர்னாவிடம் நீட்டினாள்.

மிர்னா அதை இரண்டு தடவை படித்தாள்.

"என்னம்மா இது?"

"எழுதியிருக்கில்ல. சவாரி."

"உனக்கா? உனக்கு முதுகு வலி, ரத்த அழுத்தம். ஊருக்கே வைத்தியம் சொல்வே, இப்ப என்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"காசு கட்டியிருக்கேன்."

காசு கட்டியதில் ஒரு கதை உண்டு. நீளக்காரி வந்த புதிதில் ஊரே ஓசியில் ஏறியது. லெயார்கோவின் இரண்டு அக்காக்கள், அவர்கள் சம்பந்திகள், பால்காரன், தபால்காரர், எல்லாரும். பங்குச் சாமியார் மட்டும் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் காரை ஆசீர்வதிக்கத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு. பந்தய எஞ்சினுக்கு ஆயுள் கிலோமீட்டர் கணக்கில். ஆசீர்வாதம் முடிந்தபோது எஞ்சினும் முடிந்தது. அதைப் பிரித்துச் செய்ய இரிதே தன் அம்மா போட்ட சங்கிலியை விற்றாள். விற்றுவிட்டு வந்து பட்டறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதினாள்: பின்சீட்டுக்கு ஓசி கிடையாது, குடும்பத்துக்கும் சேர்த்து. குடும்பம் என்று எழுதியதில் தானும் உண்டு என்பதால் அவள் ஒருநாளும் ஏறவில்லை. முதலில் ரோஷம், அப்புறம் பழக்கம்.

மிர்னா விடவில்லை. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றாள், தஸ்ஸினாரி வருகிற நேரம் கூடாரத்தில் ஆள் வேண்டும் என்றாள், கடைசியில் குரலை உயர்த்திக்கூடப் பேசினாள். வில்மெர் திரும்பிப் பார்த்தான். பெண்ணுக்குத்தான் தன்மேல் எவ்வளவு அக்கறை என்று இரிதே நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டே தடுப்புக்குப் பின்னால் போய் சவாரி உடையை மாட்டினாள். எல்லாப் பயணிகளின் உடையையும் இடுப்பில் பிடித்தும் விட்டும் தைத்தவள் அவள்தான். தனக்கு எது சரியாக இருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது.

வில்மெர் அவளைத் தூக்கிக் குழிக்குள் இறக்கினான். வாரை இழுத்து இறுக்கினான். லெயார்கோ முன்னால் உட்கார்ந்தபடி உடம்பையே திருப்பிப் பார்த்தார், தலையை மட்டும் அல்ல. அதையும் அவள் கவனித்தாள்.

"என்னடி, வழி தவறி வந்துட்டியா?"

"முந்நூத்தம்பது கட்டியிருக்கேன். ஒழுங்கா ஓட்டு."

ஹெல்மெட்டுக்குள் அவர் சிரித்தது தோள் குலுங்கியதில் தெரிந்தது. இருபத்திரண்டு வயதில் பார்த்த அதே தோள்தான். இன்னும் அப்படியே இருப்பதைப் பார்க்க அவளுக்குக் கோபமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

திட்டம் எளிது. முதல் சுற்றைச் சும்மா விடுவது. இரண்டாவது சுற்றில் மாதா கோயில் வளைவு தாண்டி நேர்த்தடம் வந்ததும் இரண்டு தடவை அமுக்குவது. நிறுத்தினால் மனுஷனுக்கு ஒன்றுமில்லை. இந்தக் காசு தண்டம், போகட்டும். நிறுத்தாவிட்டால் எல்லாம் தெரிந்துபோகும்.

கிளம்பியதும் யாரோ முதுகில் எட்டி உதைத்தார்கள். அப்படித்தான் இருந்தது. முதல் சுற்று முழுக்க அவள் மாதாவையும், தன் அம்மாவையும், ஒருமுறை பங்குச் சாமியாரையும் கூப்பிட்டாள். ஆனால் பொத்தானில் கட்டைவிரல் படாமல் மற்ற நான்கு விரல்களால் மட்டும் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். அந்த உறுதி அவளுக்கு உண்டு.

இரண்டாவது சுற்றில் பயம் போய்விட்டது. போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அவளுக்கு இந்தத் தடம் தெரிந்திருந்தது.

முப்பத்தைந்து வருடம், கார்கள் கிளம்புகிற இடத்துத் தடுப்புச் சுவர்மேல் உட்கார்ந்து, ஒரு கையில் நிறுத்துக் கடிகாரமும் மடியில் அவருக்குக் காட்டுகிற எண் பலகையுமாக அவள் இந்தத் தடத்தைக் காதால் கேட்டிருக்கிறாள். இங்கே ஒரு கியர் இறங்கும், இங்கே இரண்டு இறங்கும், இங்கே மூச்சைப் பிடித்து நீளமாக ஒரு கத்தல். இருட்டில் மாவு பிசைகிற மாதிரி அவளுக்கு அது அத்துப்படி. அந்தச் சத்தத்துக்கெல்லாம் இப்போதுதான் முகம் கிடைத்தது. ஓ, இந்தக் கத்தல் இந்த அத்திமரத்துக்குப் பக்கத்திலா. இந்த இரண்டு கியர் இந்தச் சரிவுக்காகவா. மிர்னா வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது இங்கேதான் சத்தம் நின்றுபோய், அவள் பலகையைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் மனுஷன் கவிழ்ந்த காரின் மேல் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தார். அப்போது அறைந்தாள் அவரை, அத்தனை பேர் முன்னாலும். அதை நினைத்ததும் ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் கார் மேட்டில் ஏறியது.

கல்யாணமான புதிதில் லெயார்கோ ஒரு தடவை சொன்னார், மேட்டு உச்சியிலிருந்து உன்னைப் பார்க்கலாம், ஒவ்வொரு சுற்றுக்கும் நான் கையை அசைக்கிறேன், நீதான் பதிலுக்கு அசைப்பதே இல்லை என்று. போடா, அந்த வேகத்துல எவன் கையை அசைப்பான் என்று அவள் சிரித்துவிட்டாள். பெண்பிள்ளைகளை மயக்க இவர்கள் சொல்கிற பொய்களில் ஒன்று. அப்புறம் அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

உச்சியில் ஒரே ஒரு விநாடி எல்லாம் திறந்தது. கீழே கூடாரம், திராட்சைத் தோட்டம், தடுப்புச் சுவர். சுவர்மேல் அவள் எப்போதும் உட்காருகிற இடம் சின்னதாக, காலியாக, தெளிவாகத் தெரிந்தது. முன்னால் லெயார்கோவின் இடது கை ஸ்டீயரிங்கிலிருந்து நான்கு விரல் உயர்ந்து, ஒரு தடவை அசைந்து, திரும்பப் பிடித்துக்கொண்டது.

அவள் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். கை அதைக் கேட்கவில்லை. அது தன்பாட்டுக்குப் பழக்கத்தில் போய்விட்டு வந்தது. இத்தனை வருடம், ஒவ்வொரு சுற்றுக்கும். எத்தனை ஆயிரம் சுற்று? இவள் குனிந்து பலகையில் எண் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாதா கோயில் வளைவு வந்தது, போனது. நேர்த்தடம் வந்தது. கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே இருந்தது. இப்போது அமுக்கு, இரிதே, இப்போது. அவள் அமுக்கவில்லை. இந்த அழகை நிறுத்த அவளால் முடியவில்லை. இன்னொரு தடவை அந்த மேட்டுக்குப் போக வேண்டும். இந்த ஒரு தடவையாவது பதிலுக்குக் கையை அசைக்க வேண்டும். அவருக்குத் தெரியாது, பரவாயில்லை. மூன்றாவது சுற்றில் மேட்டு உச்சியில் அவள் கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் அசைத்தாள். அழுதுகொண்டே அசைத்தாள். அந்தச் சுற்றிலும் பொத்தான் அப்படியே இருந்தது. அவர் தடத்தை எங்கேயும் ஒரு சாண் பிசகாமல் ஓட்டிக்கொண்டு வந்து கூடாரத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

வில்மெர் வாரை அவிழ்த்து அவளை வெளியே தூக்கினான். இரண்டு நிமிடம் காரின் உடம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொரின்னா தஸ்ஸினாரி வந்திருந்தாள். சவாரி உடையில், கையுறை மாட்டியபடி, சின்னப் பெண்ணின் பூரிப்போடு நின்றாள். மிர்னா அவளுக்கு ஹெல்மெட் வாரைக் கட்டிக்கொண்டிருந்தாள். காகிதம் பக்கத்து மேஜையில், பேனாவோடு. லெயார்கோ இறங்கவில்லை. அடுத்த சவாரிக்குத் தயாராக, கையை ஸ்டீயரிங்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

இரிதே அவர் பக்கம் குனிந்தாள். சோதிக்காமலே இறங்கிவிட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரமாக இருந்தது. கேட்க ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. நீ அமுக்கவே இல்லையே, எதுக்கு நிறுத்தணும் என்று அவர் பதில் சொன்னால் போதும். அந்த ஒரு பதிலுக்காக அவள் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

"ஏன் நிறுத்தல?" என்றாள், சாதாரணமாக.

லெயார்கோ ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளினார். ஒரு கணம் யோசித்தார். அப்புறம் முகம் மலர்ந்தது.

"பாத்தேன். ரெண்டு தடவை அமுக்கினே. எல்லாம் பாத்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முப்பத்தேழு வருஷம் கழிச்சு என் பின்னால ஏறியிருக்கே. பாதியில இறக்கிவிட மனசு வரலடி."

அவர் வாயிலிருந்து வந்ததிலேயே ஆசையான வார்த்தை அதுதான். எத்தனை வருடம் அதற்காகக் காத்திருந்தாள். கேட்டதும் அவளுக்கு உள்ளங்கால் வரை சில்லிட்டது.

அவள் கையை உள்ளே விட்டாள். ஸ்டீயரிங்கின் பின்னால் இருக்கிற வளையத்தை இழுத்தாள். ஓட்டுகிறவர் இறங்குவதற்காகக் கழன்றுவரும்படி செய்தது அது. ஸ்டீயரிங் கையோடு வந்துவிட்டது.

"நான் அமுக்கவே இல்ல, லெயார்கோ. ஒரு தடவைகூட."

அவர் அவளையே பார்த்தார். முகம் மெல்ல மெல்ல வயதானது. வெறும் கை இரண்டும் இன்னும் ஸ்டீயரிங் இருந்த இடத்திலேயே இருந்தன.

"இடது கண்ணு," என்றார் கடைசியில். "மே மாசத்துலேருந்து. ஒரே கறுப்பு. தடம் எனக்கு மனப்பாடம், இரிதே. கண்ண மூடிட்டுகூட ஓட்டுவேன்."

"அத நானும் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"அந்தப் பொம்பள கையெழுத்துப் போடட்டும். ஒரே ஒரு சவாரி. அப்புறம் நானே சொல்லிடறேன், எல்லார்கிட்டயும்." வெறுங்கையை மடியில் இறக்கினார். "மிர்னாவும் அதான் சொன்னா."

இரிதே தலையைத் தூக்கினாள்.

மிர்னா இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஹெல்மெட் வார் எப்போதோ கட்டியாகிவிட்டது. இருந்தாலும் அவள் விரல்கள் அதையே நோண்டிக்கொண்டிருந்தன. ஏற வேண்டாம் என்று இவள் கத்தியது அக்கறையில் அல்ல. மே மாதத்திலிருந்து எத்தனை பேருக்குத் தன் கையால் ஹெல்மெட் வார் கட்டி அந்தக் குழிக்குள் அனுப்பியிருப்பாள்? நான் பெத்த பொண்ணா இது என்று இரிதே நினைத்தாள். டீமுக்காகத் தன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தவளும் இவள்தான் என்பதும் கூடவே வந்து தொலைத்தது. யார்மேல் கோபப்படுவது?

அவள் ஸ்டீயரிங்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தாள்.

"நம்ம முறை வந்தாச்சா?" என்றாள் தஸ்ஸினாரி சந்தோஷமாக.

"ஹெல்மெட்டக் கழட்டிடுங்க. இன்னிக்கு வண்டி போகாது."

மிர்னா இப்போதுதான் நிமிர்ந்தாள். அம்மாவின் அக்குளில் இருந்ததைப் பார்த்தாள். அடுத்த நொடியே முகத்தில் வியாபாரச் சிரிப்பு வந்துவிட்டது. தஸ்ஸினாரியின் தோளில் கைவைத்து, தேனொழுகப் பேசினாள்.

"எஞ்சின்ல சின்னக் கோளாறு. அவ்வளவுதான். அடுத்த வாரம் நானே உங்களக் கூட்டிட்டு வரேன். அது வரைக்கும் இந்தக் காகிதத்துல மட்டும்..."

பேச்சு பேச்சாக இருக்க, கண் மட்டும் அம்மாவைக் கெஞ்சியது. தலையை ஆட்டிவிடு, அது போதும், எல்லாரும் பிழைத்துக்கொள்வோம் என்றது. பின்னால் காருக்குள் லெயார்கோ அசையாமல் உட்கார்ந்திருந்தார். வில்மெர் கையில் துணியோடு நின்றுவிட்டான். ஒரு தலையாட்டல்தான். பட்டறை, வீடு, அடுத்த வருடம், எல்லாம் அதில் இருந்தது.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு," என்றாள் இரிதே.